திறந்து பார்த்தோம், ஒன்றுமில்லை

"தோல் நல்லாத்தானே இருக்கு டாக்டர், எதை வச்சு திறக்கச் சொல்றீங்க?" சர்ஜன் அன்றிரவு கேட்டதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் வலி. தோலுக்கடியில் தசையைச் சுற்றிய உறையை அழுகவைக்கும் நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் என்று சந்தேகப்பட்டேன். சிவப்பு கெண்டைக்காலோடு நின்றிருந்தது. தொடையில் கை வைத்தாலே நோயாளி அலறினார். சர்க்கரை நோய், 4-ஐத் தாண்டிய லாக்டேட் (உடல் தவிப்பதைக் காட்டும் ரத்த அளவு), பிபியைத் தாங்கிப் பிடிக்க ஏறிக்கொண்டே போன நார்அட்ரினலின். ஆனால் இந்த நோயைச் சந்தேகிக்க உதவும் லிரினெக் மதிப்பெண் 5. சந்தேகப்பட 6 வேண்டும். சர்ஜன் அந்த 5-ஐயே பிடித்துக்கொண்டார்.

2004-இல் வந்த அந்த மதிப்பெண், சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்), வெள்ளணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின், சர்க்கரை என்று ஆறு ரத்தப் பரிசோதனைகளைக் கூட்டுவது. வலிக்கு அதில் இடமே இல்லை. குறைவாக வந்தது என்பதற்காக நோயை ஒதுக்கிவிடவும் முடியாது. "கொப்புளமும் தோலடியில் காற்றும் வர்ற வரைக்கும் பார்த்தா லேட் ஆயிடும் சார்" என்றேன். சிடி எடுக்கலாமே என்றார். அந்த பிபியோடு அனுப்ப நான் ஒப்பவில்லை.

மரத்துப்போக லோக்கல் ஊசி போட்டு, தொடையில் 2 சென்டிமீட்டர் கீறி, விரலை விட்டுப் பார்த்தார். அழுக்குத் தண்ணீர் வரவில்லை. திசு பிரியவில்லை, ரத்தம் நன்றாகவே கசிந்தது. வெறும் செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்று, கூடவே அது உடல் முழுக்கப் பாதித்த செப்சிஸ். மெரோபெனம், வான்கோமைசின், கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகளே போதுமானதாக இருந்தன. தழும்போடு வீட்டுக்குப் போனார்.

"பரவால்ல, பார்த்தது நல்லதுதான்" என்றார் சர்ஜன். மனதாரத்தான் சொன்னார். நானும் அப்படியே நினைக்கிறேன். சிறு தழும்புக்கும் அழுகிப்போன காலுக்கும் இடையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. திறக்கச் சொன்ன எல்லாக் காலிலும் நோய் இருந்தால், திறக்கச் சொல்லாமல் விட்டவை எத்தனை என்றல்லவா பயப்பட வேண்டும்?

இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். ஆனால் அடுத்து அதேபோல் ஒருவர் வந்தபோது, "திறக்கணும் சார்" என்று சொல்லவில்லை. "ஒரு தடவை பார்த்துட்டுப் போங்களேன்" என்றேன். வந்த சர்ஜன் ஒரு கேள்வியும் கேட்காமல் தியேட்டருக்கு ஏற்றினார். தசையுறை முழுக்கச் செத்திருந்தது. மறுநாள் மீண்டும் திறந்து மிச்சத்தை வெட்டினார்கள், நோயாளி பிழைத்துக்கொண்டார். நேரம் எதுவும் வீணாகவில்லை. ஆனால் என் குரல் ஏன் இறங்கியது? நிதானமா, பயமா? அவர் கேள்வி கேட்டிருந்தால் விடாமல் நின்றிருப்பேனா?

இப்போது சர்ஜனிடம் போனில் வலியைத்தான் முதலில் சொல்கிறேன். மதிப்பெண்ணைக் கேட்டால் மட்டும் சொல்கிறேன். சாதகமில்லாத எண்ணை மறைப்பதாக யாராவது சொன்னால், முழுக்க மறுக்க என்னால் முடியாது.