கொட்டவா அண்ணாச்சி?

"கொட்டவா அண்ணாச்சி? எங்க வீட்ல ஒரு கரண்டி குழம்பு கொட்டினாலே அம்மா ஏசும். நல்லா கொதிக்க வச்சா சரியாப் போகும்லா?"

நேற்றைய சால்னா அண்டாவைக் காட்டிப் பரோட்டா கடைப் பையன் கேட்டான். "சட்டம் அப்படித்தான், கொட்டு" என்று வந்த பதில்தான் உறுத்துகிறது. கொட்டச் சொன்னது சரி. ஆனால் அவன் கேட்டது காரணத்தை.

வீட்டில் 2 லிட்டர் குழம்பு, சீக்கிரம் ஆறிவிடும். கேரளாவுக்குப் போகும் வழியில், செங்கோட்டை அருகே பிரானூர் பக்கத்தில் இருக்கும் அந்தப் பரோட்டா கடையில் 30 லிட்டர். மூடி வைத்தால் விடிய விடிய நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே கிடக்கும். குளோஸ்ட்ரிடியம் என்ற கிருமியின், கொதியில் சாகாத வித்துகள் முளைத்துப் பெருகுவது அந்தச் சூட்டில்தான். அப்படி முளைத்துப் பெருகிய கிருமிகள் மறுபடி நன்றாகக் கொதித்தால் சாகும். அந்த அளவில் பையன் சொன்னதும் சரிதான். ஆனால் கேரள வண்டிகள் வரிசைகட்டும் நேரத்தில் ஓரம் கொதித்ததும் ஊற்றிவிடுவார்கள், நடு அப்படியே இருக்கும். கையிலிருந்து சேர்ந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி விட்ட நஞ்சோ, சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் போகாது.

மீதியை வைத்தே ஆகவேண்டுமென்றால் அகலத் தட்டுகளில் 2 அங்குல உயரத்துக்கு ஊற்றி, ஐஸ் தண்ணீர்மேல் வைத்துக் கிளறி, 60 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள் இறக்கி, உடனே ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

வீட்டுப் பழக்கம் எல்லாமே கோளாறு என்றும் சொல்லமுடியாது. எச்சில் பார்க்கும் வீட்டுப் பையன் ருசி பார்த்த கரண்டியைத் திரும்ப அண்டாவுக்குள் விடமாட்டான். உள்ளங்கையில் விட்டுத்தான் நக்குவான். அந்தக் கையைத் தோள்துண்டில் துடைத்துவிட்டு மாவில் வைப்பான் என்பது வேறு விஷயம். குடம் தூக்கி வளர்ந்தவனுக்குக் கை கழுவ 20 விநாடி குழாயைத் திறந்துவைப்பது தண்ணீரைப் பாழாக்குவது. விரல் வெட்டுக்கு மஞ்சள் வைப்பான். மாவு பிசைய அது போதாது, பிளாஸ்திரிக்கு மேல் கையுறை வேண்டும்.

இதையெல்லாம் வளர்ப்பின்மேல் போடுவது சுலபம். மாவு மேசைப் பக்கம் சோப்பே இல்லை. வயிற்றுப்போக்கு என்று சொன்னால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. பிறகு எவன் சொல்லுவான்?

அன்று அண்டாவைக் கொட்டி, கழுவி, கவிழ்த்தான். அதன்பிறகு மீதி சால்னா கண்ணில் படவில்லை. அளவாக வைக்கிறார்களா, மறைத்து வைக்கிறார்களா என்று அவனிடம் கேட்கவும் வாய் வரவில்லை.