சிவன்மலைப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்ததால் அம்மாவை மச்சான் காரிலேயே மலைக்கு மேல் கொண்டுபோய் விட்டார். நானும் பையனும் படி ஏறினோம். மொத்தம் 496 படி, வெயிலுக்கு முன்னாலேயே ஏறிவிட்டால் கஷ்டமில்லை.

சிவன்மலை என்றாலே கொங்கு நாட்டில் முதலில் பேசுவது ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைத்தான். யாராவது ஒரு பக்தர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்லி வைக்கச் சொல்வார், அவர் கோயிலில் வந்து சொன்னதும் சாமி முன்னால் வெள்ளைப் பூ, சிவப்புப் பூ வைத்துப் பூவாக்குக் கேட்பார்கள், உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அடுத்த கனவு வரும்வரை அதுதான் இருக்கும், அது பத்து நாளோ பல மாதமோ, கணக்கே கிடையாது. மண், தண்ணீர், இரும்புச் சங்கிலி என்று என்னென்னவோ இருந்திருக்கிறது. நாங்கள் போனபோது மஞ்சள். காய்ந்த விரலி மஞ்சள், ஒரு ஓரத்தில் குங்குமம் சிந்தியிருந்தது. பெட்டியில் வைக்கும் பொருளுக்கு வெளியே ஏதாவது மாற்றம் வரும் என்று ஜனங்களுக்கு நம்பிக்கை, அதனால் பக்கத்தில் நின்ற ஒருவர் மஞ்சள் விலை ஏறுமா இறங்குமா என்று கவலையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரோ கனவு கண்டாங்கன்னா அது எப்படிப்பா சாமி சொன்னதாகும்?" என்று பையன் கேட்டான். பிளஸ் டூ படிக்கிறான், கேட்கத்தான் செய்வான். எனக்குப் பதில் வரவில்லை. தெரியலப்பா என்றேன், அதுதான் உண்மை.

ஆபரேஷன் அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து விடியும்வரை "சிவன்மலையா, சிவன்மலையா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மாவைப் பிழைக்க வைத்தது டாக்டர், ரத்தம் கொடுத்த பிள்ளைகள், சரியான நேரத்துக்கு வந்த ஆம்புலன்ஸ். இது எனக்கு நன்றாகவே தெரியும், யாரிடமும் இதற்காக வாதாட மாட்டேன். ஆனால் அந்த ராத்திரி நான் தனியாகப் பேசிக்கொண்டிருக்கவில்லை. எதிரில் ஆள் இருப்பதுபோலத்தான் இருந்தது, பதில் ஒரு வார்த்தை வரவில்லை, இருந்தும் கேட்கப்படுகிறோம் என்று இருந்தது. இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பையனிடமும் இவ்வளவுதான் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் என் கூடவே வந்தான்.

உள்ளே வள்ளியோடு முருகன், சந்தனக் காப்பு. அம்மா பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை, கம்பியைப் பிடித்தபடி சாமியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"என்னம்மா வேண்டிக்கிட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல கண்ணு. பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றவர் உள்ளங்கையில் இருந்த திருநீற்றை எனக்குப் பூசிவிட்டுப் பையனைப் பார்த்தார். அவனாகவே குனிந்து நெற்றியைக் காட்டினான்.