மூன்று லட்சம் குஞ்சு விட்ட கதை

திருமுல்லைவாசல் பக்கம் உப்பனாற்றை ஒட்டி ஒன்றரை ஏக்கர் இறால் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தேன். ஒரு ஏக்கர் வளர்ப்புக் குளம், அரை ஏக்கர் தண்ணீர் தேக்கி வைக்க. அந்த அரை ஏக்கர் சும்மா கிடக்கிறதே என்று அதிலும் சேர்த்து மூன்று லட்சம் வன்னமெய் ரக இறால் குஞ்சு விட்டேன். சதுர மீட்டருக்கு 50 வரும், அப்போதைய விதிப்படி 60 வரை விடலாம், அதனால் தைரியம்.

45ஆம் நாள் காலையில் கரையோரம் சோர்ந்து ஒதுங்கி நின்றன. தலை ஓட்டில் வெள்ளைப்புள்ளி, இறாலைக் கூட்டமாகக் கொல்லும் வைரஸ் நோய். நாலு குளம் தள்ளி ஒருவருக்கு முந்தைய வாரமே வந்திருக்கிறது, அவர் இரவோடு இரவாகத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டார், நானோ அதே வாய்க்காலில் மோட்டார் போட்டு இறைத்திருக்கிறேன். எல்லோருக்கும் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே வாய்க்கால்தான்! அவசரமாகப் பிடித்து விற்றும் மூன்று லட்சம் ரூபாய் போச்சு.

"தம்பி, இந்தத் தண்ணி வயலுக்கு ஏறுனப்ப ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாளும் எவ்வளவு போராடினாங்க, நீ இப்ப அதையே பண்ற" என்றார் சித்தப்பா. இறால் பண்ணைகளை எதிர்த்து அந்த சர்வோதயத் தம்பதி நடத்திய போராட்டம், 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம் அது, 2005இல்தான் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அவர் வயல் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்த தடவை ஒரு ஏக்கரில் மட்டும் ஒரு லட்சம், வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் பரிசோதனை பார்த்து வாங்கிய குஞ்சு. அரை ஏக்கரில் தண்ணீரைத் தேக்கி, பிளீச்சிங் போட்டு, குளோரின் வாடை போன பிறகே குளத்துக்கு. வயல் பக்கம் உப்பு கசியாமல் இருக்க வரப்போரம் ஒரு வடிகால் வெட்டினேன். விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும் என்பதால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நாலும் அப்போது ஓடியே ஆக வேண்டும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், அதற்காகவே கரையில் கட்டில் போட்டுப் படுத்தேன். தீவனத்தைக் கண்ணளவில் வீசாமல் குளத்தில் இறக்கி வைத்த தீவனத் தட்டை, செக் ட்ரேயை, தூக்கிப் பார்த்து, மிச்சமிருந்தால் அடுத்த வேளைக்குக் குறைத்தேன்.

110 நாளில் 40 கவுண்ட், அதாவது கிலோவுக்கு 40 இறால், மொத்தம் 1,950 கிலோ. கிலோ 340 ரூபாய் என்று 6.63 லட்சம் வந்தது. தீவனத்துக்கு மட்டுமே 2.4 லட்சம், குஞ்சு, கரண்ட், டீசல், சுண்ணாம்பு, கூலி, குத்தகை எல்லாம் சேர்த்துச் செலவு 5.26 லட்சம். மிச்சம் 1.37 லட்சம். முதல் நஷ்டத்தில் பாதிகூட அடையவில்லை, சரி, விலை கிலோவுக்கு எழுபது ரூபாய் இறங்கியிருந்தால் இதுவும் இல்லை.

இப்போது குளம் வெடிப்பு விடும் வரை காய்கிறது. நாலு குளம் தள்ளி இருப்பவர் குஞ்சு விட்டுவிட்டார். அவர் என்றைக்குத் தண்ணீர் மாற்றுகிறார் என்று போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்கிறேன்.