கதவில்லாத பெர்லின் ஸ்டேஷன்கள்

பெர்லினில் எந்த யூ-பான் (மெட்ரோ ரயில்) ஸ்டேஷனிலும் டிக்கெட் காட்டினால் திறக்கும் கதவு கிடையாது. தெருவிலிருந்து படியிறங்கினால் நேரே பிளாட்பாரம். குழந்தை வண்டி தள்ளுபவர், சைக்கிளோடு வருபவர், ஊன்றுகோல் பிடித்த பாட்டி என்று யாருமே எங்கும் தடைபட்டு நிற்பதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அதற்காக டிக்கெட் எடுக்காமல் இருந்துவிட முடியாது. காகித டிக்கெட்டை பிளாட்பாரத்தில் உள்ள சின்னப் பெட்டியில் செருகினால் 'டக்' என்று தேதியும் நேரமும் பதியும். நகருக்குள் போக எடுக்கும் ஏபி மண்டல டிக்கெட் அதிலிருந்து இரண்டு மணி நேரம் செல்லும், ஒரே திசையில் மட்டும். நேரம் பதியாத டிக்கெட்டைக் காசு கொடுத்தே வாங்கியிருந்தாலும் வித்தவுட் கணக்குதான். விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது; அங்கே போக ஏபிசி டிக்கெட் எடுங்கள்.

யூ8 லைனில் ஹெர்மன்பிளாட்ஸ் தாண்டியதும் செக்கிங் வந்தது. ஜாக்கெட் போட்டு, பயணிகளோடு பயணிகளாக நின்றிருந்த இரண்டு பேர், கதவு மூடியதும் அடையாள அட்டையை வெளியே எடுத்தார்கள். எல்லோரும் பேசாமல் செல்போனை நீட்டினார்கள். மூலையில் ஒரு பெரியவர். காலடியில் இரண்டு பை நிறைய காலி பாட்டில்கள். அங்கே காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். அதைப் பொறுக்கியே நாளை ஓட்டுகிறவர்கள் நிறைய. அவரிடம் டிக்கெட் இல்லை. கொட்புஸர் டோரில் இறக்கிச் சீட்டு எழுதினார்கள். அபராதம் 60 யூரோ, அதாவது 240 பாட்டில்.

அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஜெர்மனியில் டிக்கெட் இல்லாப் பயணம் கிரிமினல் குற்றம். 1935இல், நாஜி ஆட்சியில் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 265ஏ பிரிவு, ஓராண்டு வரை சிறைக்கு இடம் தருகிறது. திரும்பத் திரும்பப் பிடிபட்டால் வழக்கு. கோர்ட் விதிக்கும் அபராதத்தைக் கட்ட முடியாதவர் அதற்குப் பதிலாக ஜெயிலுக்குப் போக வேண்டும். பணம் இருப்பவர் கட்டிவிட்டு நடையைக் கட்டுவார். வீடில்லாதவரும் கடனில் மூழ்கியவரும்தான் உள்ளே போகிறார்கள். ஒருவரை ஒரு நாள் சிறையில் வைக்க அரசுக்கு ஆகும் செலவே 60 யூரோவைத் தாண்டும். யாருக்கு என்ன லாபம்?

ஆர்னே ஸெம்ஸ்ராட் என்ற பத்திரிகையாளர் 2021 டிசம்பரில் 'ஃப்ரைஹைட்ஸ்ஃபாண்ட்ஸ்' என்ற நிதியைத் தொடங்கினார். நன்கொடை திரட்டி, இப்படி உள்ளே இருப்பவர்களின் அபராதத்தைக் கட்டி மீட்கிறார்கள். ஆயிரம் பேருக்கு மேல் வெளியே வந்துவிட்டார்கள். ட்யூசல்டார்ஃப் நகர மன்றமும், டிக்கெட் இல்லாதவர்கள் மீது போலீஸ் புகார் கொடுக்க வேண்டாம் என்று 2023இல் முடிவெடுத்தது. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பிரிவைத் தூக்கியெறிய வேண்டும் என்று அங்கே குரல் கொடுப்பவர்கள் பக்கம்தான் நான்.