அல்சாஸில் ஒயின் பழகுவது: சில்வானெரில் தொடங்கி கெவுர்ஸ்த்ரமினர் வரை

ஒயினில் அரிச்சுவடியே தெரியாதவர் பிரான்ஸுக்குப் போனால் போர்தோவுக்கோ பர்கண்டிக்கோ ஓடவேண்டாம். அங்கே பெரும்பாலான லேபிள்களில் ஊர்ப்பெயரும் தோட்டப்பெயரும்தான் இருக்கும். உள்ளே என்ன திராட்சை என்பது ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். நாட்டின் கிழக்கோரத்தில், வோஜ் மலைக்கும் ரைன் ஆற்றுக்கும் நடுவே இருக்கும் அல்சாஸ் அப்படியல்ல. அங்கே திராட்சையின் பெயரையே லேபிளில் போடுவது வழக்கம். ரீஸ்லிங் என்று போட்டிருந்தால் முழுக்க ரீஸ்லிங்தான். எடெல்ஸ்விக்கர் என்று இருந்தால் பல திராட்சைகளின் கலவை.

ஆனால் ஒரு பொறி உண்டு. அல்சாஸ் வெள்ளை ஒயின் எல்லாமே உயரமான, ஒல்லியான ஒரே மாதிரி பாட்டிலில் வரும். 1972-இலிருந்து சட்டம் அப்படி. பாட்டிலைப் பார்த்து, உள்ளே இருப்பது எலுமிச்சைபோல் புளிக்குமா, தேன்போல் இனிக்குமா என்று சொல்லமுடியாது. புதிதாக வருபவர்கள் முகம் சுளிப்பது பெரும்பாலும் இங்கேதான்: சாப்பாட்டோடு குடிக்க வாங்கியது பாயசமாக இனிக்கும்.

இதற்கு இப்போது வழி இருக்கிறது. 2021 அறுவடையிலிருந்து இனிப்பு அளவை லேபிளில் குறிப்பிடவேண்டும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை 'செக்', அதாவது இனிப்பில்லாதது. புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம் வரைகூட இதே பெயர் போடலாம். அதற்கு மேல் 12 வரை 'தெமி-செக்', 45 வரை 'முவல்லோ', அதையும் தாண்டினால் 'தூ'. பல பாட்டில்களில் இது பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில், சில சமயம் ஓர் அளவுகோல் படமாக இருக்கும். திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

தங்குவதற்கு கொல்மார் வசதி. ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ரயிலில் அரைமணி சொச்சம். ஒயின் சாலை வடக்கே மார்லென்ஹைமிலிருந்து தெற்கே தான் என்ற ஊர் வரை சுமார் 170 கிலோமீட்டர். 1953-இல் தொடங்கிவைத்த இந்தச் சாலை முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு நாளைக்கு ஓர் ஊர், தயாரிப்பாளர்கள் ஒயினை ருசிக்கக் கொடுக்கும் பாதாள அறைகள் இரண்டு போதும். ரிக்வீர் அழகுதான், ஆனால் கோடையில் திருவிழாக் கூட்டம். ருசிக்கப் போவதென்றால் துர்க்கைம் மேல்: கொல்மாரிலிருந்து மன்ஸ்டர் போகும் சின்ன ரயிலில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஊருக்கு மேலேயே பிராண்ட் என்ற புகழ்பெற்ற திராட்சைத் தோட்டம், கிரானைட் சரிவில். கோடை இரவு பத்து மணிக்கு விளக்கும் கையுமாக ஒரு காவல்காரர் பாடிக்கொண்டே தெருக்களைச் சுற்றிவருவார். ஒயினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் பார்த்துவிட்டு வரலாம்.

ரயிலை வலியுறுத்தக் காரணம் உண்டு. பிரான்ஸில் வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. புதிதாக உரிமம் வாங்கியவருக்கு 0.2. கார்தான் என்றால் ஓட்டுபவர் துப்பியே ஆகவேண்டும். அதற்கென்று மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும். துப்புவது அங்கே மரியாதைக் குறைவில்லை. தேர்ந்தவர்கள் செய்வதே அதுதான்.

குடும்பங்கள் நடத்தும் பாதாள அறைகள் பகல் 12 முதல் 2 வரை சாத்திவிடும். ஞாயிற்றுக்கிழமை பலரும் திறப்பதில்லை. செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலம். பார்க்க அழகு, பேச ஆள் கிடைக்காது. முன்தினமே மின்னஞ்சலோ போனோ போட்டுவிடுங்கள். சில இடங்களில் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்வார்கள். இலவசமாக ஊற்றிக்கொடுத்த இடத்தில் ஒரு பாட்டிலாவது வாங்கிக்கொண்டு கிளம்புவது முறை.

கிளாஸில் ஊற்றுவது மூன்று, நான்கு சென்டிலிட்டர்தான். ஒரே இடத்தில் ஆறுக்கு மேல் வேண்டாம், அதற்குப் பிறகு நாக்கு மரத்துவிடும். அன்று சென்ட் போடாமல் போங்கள். புதினா மிட்டாயும் காபியும் முன்பே வேண்டாம்.

எந்தத் திராட்சையின் ஒயினுக்குப் பின் எது என்ற வரிசைதான் முக்கியம். சில்வானெர் அல்லது பினோ பிளாங்கில் தொடங்கி, பிறகு இனிப்பில்லாத மஸ்கட், ரீஸ்லிங், அதன்பின் பினோ கிரி, கடைசியில் கெவுர்ஸ்த்ரமினர். தாமதமாக அறுத்த 'வாந்தான்ஜ் தார்திவ்' ரகம் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் பின்னால். தலைகீழாகப் போனால், கெவுர்ஸ்த்ரமினருக்குப் பிறகு வரும் நல்ல ரீஸ்லிங்கும் வெறும் எலுமிச்சைத் தண்ணீராகத் தெரியும். குறை ரீஸ்லிங்கில் இல்லை.

இனி ஒரு பயிற்சி. இதற்காகவே அல்சாஸ் போகலாம். 'செக்' என்று போட்ட கெவுர்ஸ்த்ரமினரை முகர்ந்துபாருங்கள். ரோஜாவும் லிச்சிப் பழமும் கமகமவென்று வரும். லிச்சியிலும் இதிலும் இருக்கும் மணப்பொருள் ஒன்றே. உடனே மனம் "இது இனிப்பு" என்று முடிவுகட்டிவிடும். இப்போது மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். வாசனை அடைபட்டதும் நாக்கில் இனிப்பு அநேகமாக இருக்காது; லேசான கசப்பும் ஆல்கஹாலின் சூடும்தான் இருக்கும். அடுத்து தெமி-செக் ரீஸ்லிங்கை அதேபோல் சோதியுங்கள். மூக்குக்கு எலுமிச்சை மட்டும் தெரியும், நாக்குக்குச் சர்க்கரை தெரியும். எலுமிச்சை வாசனை அதை இதுவரை மறைத்துவைத்திருந்தது. மூக்கு சொல்லும் இனிப்பு வேறு, நாக்கு சொல்லும் இனிப்பு வேறு என்று பிடிபட்டுவிட்டால், எந்தக் கடையிலும் "எனக்கு மணம் வேண்டும், சர்க்கரை வேண்டாம்" என்று கேட்டு வாங்கலாம். பாதி வேலை முடிந்தது.

மொத்தம் 51 'கிராண்ட் குரூ' தோட்டங்கள், அதாவது அதிகாரபூர்வமாக உயர்தரம் என்று வகைப்படுத்தியவை, இருக்கின்றன. அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே தயாரிப்பாளரின் சாதாரண ரீஸ்லிங்கையும் கிராண்ட் குரூ ரீஸ்லிங்கையும் ஒரே வருடத்ததாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் போதும். விழுங்கிய பிறகு சுவை எத்தனை நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். கூடுதல் விலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. வித்தியாசம் தெரியவில்லையா, மலிவானதையே வாங்குங்கள்.

ஈரமான அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டது என்று பொருள். சொன்னால் வேறு பாட்டில் திறப்பார்கள். பழைய ரீஸ்லிங்கில் வரும் பெட்ரோல் வாடை கெட்டதற்கு அடையாளமில்லை, வயதான ரீஸ்லிங்கின் குணம். கார்க்கில் ஒட்டியிருக்கும் பளபளப்பான துகள்கள் கண்ணாடித் தூளும் அல்ல: குளிரில் படிந்த டார்ட்டாரிக் உப்பு, தீங்கில்லை. உணவகங்களில் பச்சைத் தண்டு வைத்த பாரம்பரியக் கிளாஸ் வரும். படமெடுக்க நன்றாயிருக்கும், தண்டின் பச்சை ஒயினில் பிரதிபலிப்பதால் நிறம் பார்க்க உதவாது.

மன்ஸ்டர் சீஸின் வீச்சத்துக்கு கெவுர்ஸ்த்ரமினர் அந்த ஊர் ஜோடி. நம் வீட்டுக் காரத்துக்கு வாங்குவதென்றால் தெமி-செக் ரீஸ்லிங்கோ பினோ கிரியோ பாருங்கள். ஆல்கஹால் அதிகமுள்ள ஒயின் மிளகாய் எரிச்சலைக் கூட்டும். கொஞ்சம் சர்க்கரை அதைத் தணிக்கும்.

இந்தியாவுக்குத் தீர்வையின்றிக் கொண்டுவர அனுமதி ஆளுக்கு 2 லிட்டர், ஆக 75 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு. ஒல்லிப் பாட்டிலுக்குக் கழுத்து நீளம், உடைவது அங்கேதான். கழுத்தில் தனியாக ஒரு காலுறையை மாட்டி, துணிகளுக்கு நடுவே பெட்டியின் மையத்தில் படுக்கவையுங்கள். ஊருக்கு வந்ததும் சமையலறை அலமாரியில் ஏற்றாமல் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்து, சில மாதங்களுக்குள் குடித்துவிடுங்கள்.