உப்புக்காத்துல மடக்குக்கத்தி

எங்க சொந்தத்துல கல்ஃப்ல வேலை பாக்குற பயலுவ லீவுக்கு வரதுக்கு முன்னாடி எனக்கு போன் போட்டா கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அண்ணே ஒரு நல்ல மடக்குக்கத்தி வாங்கப்போறேன் எந்த ஸ்டீல் எடுக்கட்டும்னு. நான் திருப்பிக் கேப்பேன், நீ ஊருக்கு வந்தா குளச்சல் கடப்புறத்துல நிப்பியா, இல்ல குலசேகரத்துல ரப்பர் தோட்டத்துல நிப்பியா? அவனுக்கு எரிச்சல் வரும். ஆனா எனக்கு அது தெரிஞ்சாதான் பதில் சொல்ல முடியும்.

நெட்ல வர்ற ரிவ்யூ பாதி அட்டைப்பெட்டியையும் கயித்தையும் அறுத்து அறுத்து எத்தனாவது வெட்டுல கூர் போகுதுன்னு எண்ணுற கணக்கு. நம்ம முட்டம் பக்கம் ஜன்னல் கம்பிக்கு வருஷாவருஷம் பெயிண்ட் அடிச்சும் உப்பு விடமாட்டேங்குது, அங்க இந்தக் கணக்கு எதுக்கு ஆகும் சொல்லுங்க. மழுங்கின கத்தியைக் கல்லுல போட்டா கூர் திரும்பி வந்துடும், ஆனா துரு தின்னு குழி விழுந்துட்டா அந்த எடம் போனது போனதுதான்.

விலை கூடின கத்தியில ஸ்டீல் பேரையே பெரிசா பேச ஆரம்பிச்சது எஸ்30விங்கற ஸ்டீல் வந்ததுக்கு அப்புறம்னு நெனைக்கேன். அதுக்கு முன்னால ஜப்பான் ஏடிஎஸ்-34தான் நல்ல கத்திக்கெல்லாம். 2001ல க்ரூசிபிள் கம்பெனி எஸ்30வியை கத்திக்குன்னே கொண்டுவந்துச்சு, செபென்சாங்கற விலை கூடின மடக்குக்கத்தி பண்ற கிறிஸ் ரீவ் யோசனையும் அதுல உண்டு. பவுடர் ஸ்டீல் அது, அதாவது உருக்கின இரும்பை கேஸ் அடிச்சுச் சின்னச்சின்னத் துளியா உறைய வச்சு, அந்தப் பொடியை சூடும் அழுத்தமும் குடுத்து ஒரே கட்டியா ஆக்குவாங்க, அதனால உள்ள இருக்க கார்பைடு (கார்பன் வேற உலோகத்தோட சேந்து உண்டாகுற கெட்டித் துகள்) எல்லாம் பொடிசா, ஒரே மாதிரி பரவி நிக்கும்.

இதுல கடக்கரைக்காரன் கவனிக்க வேண்டிய ஒரு சூது இருக்கு. எம்390ங்கற ஸ்டீல்ல குரோமியம் 20 சதவீதம், கேட்டா ஆஹா துருவே பிடிக்காதுன்னு தோணும். ஆனா கார்பனும் அதுல 1.9 சதவீதம் கெடக்கு, அது குரோமியத்துல ஒரு பெரிய பங்கைப் பிடிச்சு கார்பைடா மாத்தி வச்சுடும், அப்படி மாட்டிக்கிட்ட குரோமியம் துருவைத் தடுக்க வராது. 2021ல லாரின் தாமஸ்ங்கற மெட்டலர்ஜிஸ்ட் மேக்னாகட்ங்கற ஸ்டீலைக் கொண்டுவந்தப்போ இந்த எடத்துலதான் கை வச்சாரு. குரோமியம் வெறும் 10.7 சதவீதம்தான், ஆனா கார்பன் போய் வனேடியத்தோடயும் நியோபியத்தோடயும் சேர்றமாதிரி கணக்குப் போட்டதால குரோமியம் முழுக்க துருவுக்கு எதிரா நிக்குது. 20ஐ விட 10.7 நல்லா தாங்குதுன்னு சொன்னா எங்க மாமா நம்பவே மாட்டாரு.

அதையும் தாண்டி உப்புத்தண்ணிக்குன்னே வேணும்னா எல்சி200என். விமான பேரிங்குக்காக வந்த வகை இது, கார்பனைக் குறைச்சு நைட்ரஜனைச் சேத்தது. ஸ்பைடர்கோங்கற கத்திக் கம்பெனியோட சால்ட் வரிசையில இது வந்திருக்கு. கூர் மேக்னாகட் அளவுக்கு நிக்காது, சீக்கிரம் தீட்ட வேண்டி வரும், ஆனா வள்ளத்துல வச்சு மீன் அறுத்துட்டு கழுவாம மறந்து போற ஆளுக்கு அதுதான் சரி.

தீட்டுறதுன்னதும் ஞாபகம் வருது, எஸ்90வி ஸ்டீல் எஸ்90வி ஸ்டீல்னு ஆசைப்படுற பயலுவளுக்கு ஒண்ணு சொல்லணும். வனேடியம் 9 சதவீதம், தேயவே தேயாது, நல்லதுதான், ஆனா அதைத் தீட்டவும் உன்னால முடியாது. வனேடியம் கார்பைடு சாதாரண சாணைக்கல்லை விடக் கெட்டி, வைரப்பொடி ஒட்டுன கல்லு வேணும். பனையேறிக் கையில இருக்க தீட்டுப்பலகையில வெள்ளைக்கல் பொடி தூவித் தேச்சா பாளை அருவா சவரக்கத்தி மாதிரி ஆகும், எஸ்90விக்கு அது ஒண்ணும் பண்ணாது.

சரி, ஸ்டீலைப் பத்தி இவ்வளவு பேசியாச்சு, ஆனா கையில பிடிச்சு அறுக்கும்போது முதல்ல தெரியுறது பிளேடு எவ்வளவு தடி, எப்படி கிரைண்ட் பண்ணிருக்குங்கறதுதான். சந்தேகம் இருந்தா ஒரு பச்சை மரச்சீனிக்கிழங்கை எடுத்து அறுத்துப் பாருங்க. 4 மில்லி தடியில, கூருக்குப் பின்னாலயும் தடியா விட்டிருக்க கத்தி பாதி எறங்கினதும் கிழங்கு டப்புன்னு பொளந்து ரெண்டாப் போகும், அது அறுத்தது கெடையாது, ஆப்பு வச்சது. அதே கிழங்குல மெலிசா ஃபிளாட் கிரைண்ட் பண்ண ஒரு சாதா ஒப்பினெல் மடக்குக்கத்தி வழுக்கிக்கிட்டுப் போகும். (ஒப்பினெல்லுக்கு ஒரு குறை உண்டு, பிடி மரம்ங்கறதால நம்ம ரெண்டு மழையிலயும் ஊதி பிளேடு உள்ள மாட்டிக்கும், தட்டித்தான் வெளிய எடுக்கணும்.) விலை கூடின கத்தியில பலது பாக்க ராணுவத் தளவாடம் மாதிரி இருக்கணும்னு தடியா அடிச்சு விடுறாங்க, எனக்குப் பிடிக்கல.

அப்புறம் யாரும் கேக்காத விஷயம் பிவட், அதாவது பிளேடு மடங்கித் திரும்புற அச்சு. பிளேடு மேக்னாகட்டா இருக்கும், அதைத் தாங்குற பேரிங் குண்டும் ஸ்க்ரூவும் என்ன இரும்புன்னு பெட்டியில எழுதியிருக்காது, துரு முதல்ல அங்கதான் கெளம்பும். பேரிங்னா செராமிக் குண்டான்னு கேட்டு வாங்கணும். மணவாளக்குறிச்சி பக்கம் போறவனுக்கு நான் பேரிங்கே வேண்டாம்னுதான் சொல்லுவேன், அந்தக் கறுப்பு மணல்ல இல்மனைட்டோட கார்னெட்டும் கெடக்கு, உப்புத்தாள்ல ஒட்டுற அதே கார்னெட். அது பேரிங் உள்ள போனா கத்தி தெறக்கும்போதெல்லாம் கரகரங்கும். பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் போட்ட கத்தி கொஞ்சம் மெதுவாத் தெறந்தாலும் தாங்கும், கழட்டித் தொடைச்சு மாட்டவும் ஈசி, செபென்சா இன்னைக்கும் வாஷர்லயே நிக்குது.

செபென்சாவோட பிடியே பூட்டா வேலை செய்யும், டைட்டானியம் தகட்டுல ஒரு கீத்து வெட்டி, அது உள்பக்கம் வளைஞ்சு பிளேடு அடியில போய் முட்டுறமாதிரி. டைட்டானியம் துரு பிடிக்காது, எடையும் கம்மி, ஆனா ஸ்டீல்ல நேரா ஒரசினா ஒட்டிக்கிட்டு இழுக்கும். அதுக்காகவே செபென்சா 31ல முட்டுற எடத்துல ஒரு செராமிக் குண்டு வச்சிருக்காங்க, வேற சில கம்பெனி அங்க ஸ்டீல் துண்டு வைக்குது. ஸ்டீல் துண்டுன்னா அதையும் எண்ணெய்த் துணியால தொடைக்கணும்.

இதுக்கெல்லாம் நாப்பதாயிரத்துக்கு மேல ஆகும்னு சொன்னதும் மாமா கேட்டது, ஒரு பிச்சாத்திக்காடே இவ்வளவு? அவரு சக்கை வெட்டுறது லாரி லீஃப் ஸ்பிரிங்ல கொல்லன் அடிச்ச வெட்டுகத்தியில, தேங்காண்ணெய் தடவி வச்சா அதுக்கு ஒண்ணும் ஆகாது. அவரு கேள்வி நியாயம்தான். ஒரு அளவுக்கு மேல குடுக்குற காசு பூரா ஃபினிஷிங்குக்கும், ஆட்டம் இல்லாம மூடித் தெறக்குற அந்த சொகத்துக்கும் போகுது, வெட்டுறதுல வித்தியாசம் ரொம்பக் கம்மி. எனக்கு அந்த சொகம் பிடிக்கும், அவருக்கு வேண்டாம்.

இப்ப கடைசியா கேட்டவன் கடப்புறத்துக்காரன், பிளேடுல கறுப்புக் கோட்டிங் இருந்தா துருவே வராதுல்லாண்ணு கேக்கான். கோட்டிங் எல்லா எடத்துலயும் இருக்கும், கூரைத் தவிர, முதல் தடவை தீட்டும்போதே அங்க வெள்ளை இரும்பு தெரிஞ்சிரும். அவனுக்கு எல்சி200என், வாஷர் வச்சது, கோட்டிங் இல்லாததுன்னு மெசேஜ் அனுப்பியிருக்கேன். கறுப்புதான் கெத்துன்னு பதில் வந்திருக்கு.