பானட்டில் ஒரு சிறுத்தை

மே 3, 2025, சனி

பழைய சிவப்பு ஸ்விஃப்டை வாங்கியதிலிருந்து கண்ணை உறுத்துவது பானட் நடுவே பாயும் சிறுத்தைதான். முன்பு வைத்திருந்தவர் ஆசைப்பட்டு ஒட்டியது. கம்பெனி லோகோ கிரில்லில் அது பாட்டுக்கு இருக்கிறது. இதுவோ உள்ளங்கை அகல உலோகம், குரோம் உரிந்து சொறி பிடித்துக் கிடக்கிறது.

டிங்கரிங் பட்டறையில் கேட்டேன். “ஸ்க்ரூ டிரைவர் வெச்சு ஒரு நெம்பு சார், வந்துரும்” என்றான் பையன். பெயின்ட்டும் கூடவே வரும் என்பதைச் சொல்லவில்லை. பெயின்டர் அண்ணன்தான் விவரமாகச் சொன்னார்: “முதல்ல அடியில பாருங்க, பின் குத்தி வெச்சிருந்தா ஓட்டை இருக்கும். ரீபெயின்ட் பண்ண பானட்னா தொடாதீங்க, பேர்த்துக்கிட்டு வந்துரும்.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. பானட் போல்ட் தலைகளில் பெயின்ட் சிதையாமல் இருக்கிறது, அதாவது கழற்றி ரீபெயின்ட் பண்ணியதாகத் தெரியவில்லை. ஆக, வெறும் நுரை டேப்தான்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். வண்டியை நன்றாகக் கழுவினேன்; சிறுத்தையைத் தூண்டில் நரம்பால் அறுத்தெடுப்பதாகத் திட்டம், தூசி இருந்தால் நரம்பு அதை இழுத்துக்கொண்டு போய்க் கோடு போடும். சிறுத்தையைச் சுற்றி மாஸ்கிங் டேப். வெயிலில் நின்ற பானட்டில் ஹேர் டிரையரையும் காட்டினேன், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டி. கை வைத்தால் சுரீரென்று இழுக்கிற சூடு போதும். ஹீட் கன்னை இரவல் தர ஒருவர் தயாராக இருந்தார், வேண்டாம் என்றுவிட்டேன். சில கன்கள் 500 டிகிரியைத் தாண்டும். நிறத்துக்கு மேலே இருக்கிற கண்ணாடி மாதிரிப் பூச்சான கிளியர் கோட்டோ 50 மைக்ரான் இருந்தால் அதிகம்.

தூண்டில் நரம்பை இரு கையிலும் சுற்றி, வால் பக்கமிருந்து ரம்பம் போல இழுத்தேன். கைக்குத் துணி சுற்றிக்கொள்வது நல்லது. முதலில் கல் மாதிரி நின்றது. இறுகினால் நிறுத்தி, மறுபடி சூடு, மறுபடி இழுப்பு. வயிற்றுப் பக்கம் வந்ததும் நுரை பிளந்து ‘நற நற’ என்று சத்தம். கடைசியில் சிறுத்தை கையோடு வந்தது. நெம்பவே இல்லை.

மே 5, திங்கள்

கறுப்பு நுரையும் பிசினும் சிறுத்தை வடிவில் அப்படியே. தின்னர் பக்கமே போகவில்லை. கட்டை விரலால் உருட்டினால் பாதி திரண்டு வந்துவிடுகிறது. மீதிக்கு நிழலில் வைத்து நீலகிரித் தைலம்: துணியில் நனைத்து சில நிமிடம் ஒற்றி, துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவினேன். வீட்டில் எல்லோரும் யாருக்குச் சளி என்று கேட்டார்கள்.

மே 11, ஞாயிறு

பிசின் போயும் சிறுத்தை போகவில்லை! அடியில் வெயில் படாத சிவப்பு அடர்த்தியாக, சுற்றிலும் வெளுப்பு. இது அழுக்கல்ல, தேய்த்தால் போகாது. வெளுத்த பக்கத்தைத்தான் ஃபைன் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையால் மெருகேற்ற வேண்டும். நிழலில், மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல் தேய்த்தேன். முக்கால்வாசி கலந்துவிட்டது. சாய்ந்த வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் வால் மட்டும் தெரிகிறது. அதற்காக இன்னும் தேய்த்துக் கிளியர் கோட்டைக் கரைக்க மனமில்லை. வாக்ஸ் பூசி மூடிவிட்டேன்.